கூரை பாதியில் நின்றால் முதலில் காதைக் கொடுங்கள்

பழைய அமெரிக்கச் சொகுசு கன்வர்டிபிள் (கூரை மடியும் கார்) வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவை இவை.

என்னிடம் 1966 லிங்கன் கான்டினென்டல், நான்கு கதவு கன்வர்டிபிள். சுவிட்சை அழுத்தினால் டிக்கி மூடி திறந்து நிற்கிறது. அதோடு சரி, கூரை அசையவே இல்லை. பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?

கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டியில் பம்ப் இரண்டு. மூடியைத் தூக்குவது ஒன்று, கூரையைத் தூக்குவது இன்னொன்று. உங்கள் மூடி எழுந்துவிட்டது என்றால் முதல் பம்ப் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது பம்ப் வேலை செய்ய வேண்டிய கட்டம் இன்னும் வரவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

வரிசையைப் பாருங்கள். முதலில் டிக்கி மூடியின் பூட்டுத் திருகுகள் கழல வேண்டும். பிறகு மூடி பின்பக்கக் கீலில் நின்றுகொண்டு முன்விளிம்பைத் தூக்கும். அந்த விளிம்பில் இருக்கும் மடிப்புப் பலகை தனி மோட்டாரில் நகரும். அதற்கப்புறம் முன்கண்ணாடிக்கு மேலே கூரையைப் பிடித்திருக்கும் திருகுகள் கழலும். இவ்வளவும் முடிந்தால்தான் கூரை எழும். ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு லிமிட் சுவிட்ச் இருந்துகொண்டு, ‘என் வேலை முடிந்தது, அடுத்தவர் ஆரம்பிக்கலாம்’ என்று ரிலேவுக்கு, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்சுக்குச் சொல்லும். நடுவில் ஒரு சுவிட்ச் பேசாமல் இருந்துவிட்டால் வரிசை மொத்தமும் அங்கேயே நிற்கும். 1957–59 ஃபோர்டு ஸ்கைலைனரில் இரும்புக் கூரையையே மடித்து டிக்கிக்குள் வைத்தார்களே, அந்த அனுபவத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. கணினி எதுவும் கிடையாது. எல்லாம் ரிலேவும் சுவிட்சும்தான். அதனால் காதாலேயே பிழையைப் பிடித்துவிடலாம்.

இன்ஜினை ஓடவிடுங்கள், பேட்டரி சோர்ந்திருந்தால் எல்லாச் சோதனையும் பொய்யாகிவிடும். ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும், நீங்கள் டிக்கி பக்கம் நில்லுங்கள். ‘டிக்’ என்று ரிலே சத்தம் கேட்டு மோட்டார் ஓடவில்லையா? ரிலேயின் காண்டாக்டையோ எர்த்தையோ பாருங்கள். அந்த ‘டிக்’கே கேட்கவில்லையா? முந்தைய படியின் லிமிட் சுவிட்ச்தான் சந்தேகத்துக்குரியது. மோட்டார் ஓடுகிறது, ஆனால் ஆயில் அழுத்தத்தில் கூரையைத் தள்ளும் சிலிண்டர் அசையவில்லை என்றால் மட்டும் ஆயிலையும் பம்பையும் பற்றிப் பேசலாம். இதில் ஊற்ற வேண்டியது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான) ஆயில், பிரேக் ஆயில் அல்ல.

இந்த வகை வண்டியோடு பழக ஆரம்பித்த காலத்தில் ஒரு பம்பை முழுதாகக் கழற்றி, சீல் எல்லாம் மாற்றிப் பூட்டினேன். கூரை அசையவில்லை. கடைசியில் பார்த்தால், டிக்கிக்குள் எர்த் ஒயரைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் அடியில் மிளகளவு துரு. அதைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி முடுக்கியதும் கூரை எழுந்தது. அன்றிலிருந்து எர்த் பார்க்காமல் எதையும் கழற்றுவதில்லை.

லிமிட் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பாருங்கள். விட்டதும் சட்டென்று மேலே வர வேண்டும். அறுபது வருடக் கிரீஸ் இறுகி, ஆறிய வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் சுவிட்ச் மெதுவாக, தயங்கித் தயங்கி வரும். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே பாதிப் பேருக்கு உயிர் வந்துவிடும்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவசரத்தில் லிமிட் சுவிட்சைத் தாண்டி நேரடியாகக் கரண்ட் கொடுத்து மோட்டாரை ஓட்டாதீர்கள். மூடியும் கூரையும் ஒன்றோடொன்று மோதி வளைந்தால் அதற்கான டிங்கரிங் செலவு பம்பின் விலையைத் தாண்டிவிடும். மூடி திறந்திருக்கும்போது உள்ளே தலையை நீட்டுவதாக இருந்தால் முதலில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். அந்த மூடி விழுந்தால் கை தப்பாது.

அதே மாடல்தான் எனக்கும். பின்கதவைத் திறந்தால் கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்குகிறது. ஒயரிங் கோளாறா?

கோளாறு இல்லை. பின்கதவு பின்பக்கம் கீல் கொண்டது, முன், பின் கதவுக் கண்ணாடிகளுக்கு நடுவில் தூணும் கிடையாது. இரண்டு கண்ணாடிகளும் ரப்பரில் நெருங்கி உட்காரும். கதவு திறக்கும்போது கண்ணாடி விலகிக்கொடுத்தால்தான் ரப்பர் பிழைக்கும். அது இறங்காமல் போனால் அப்போது கவலைப்படுங்கள்.

லிங்கனில் வைப்பர் மெதுவாக ஓடுகிறது. மோட்டாரைத் தேடினால் ஒயருக்குப் பதில் ஆயில் குழாய் வருகிறது!

அறுபதுகளின் கான்டினென்டலில் வைப்பர் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்துதான் அதற்கு அழுத்தம் போகிறது. ஆகவே முதலில் ஸ்டீயரிங் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வைப்பர் பக்கக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வைப்பர்தானே என்று விட்டால் ஒருநாள் ஸ்டீயரிங்கும் கனக்க ஆரம்பிக்கும்.

1949 காடிலாக் கன்வர்டிபிள் வாங்கியிருக்கிறேன். கதவின் அடியில் பெயின்ட் உப்பி உரிகிறது, ஆனால் துரு இல்லை. இன்னொன்று, பெட்ரோல் எங்கே ஊற்றுவது?

பெட்ரோல் விஷயம் சுலபம். இடது பின்விளக்குக்கு அடியில் இருக்கும் வட்டமான சிவப்புப் பிரதிபலிப்பானை அழுத்துங்கள், விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும். உள்ளே மூடி இருக்கும். 1941-இல் காடிலாக் கொண்டுவந்த அழகான யோசனை அது, எனக்கு இன்றும் பிடிக்கும்.

பெயின்ட் விஷயம் அவ்வளவு சுலபமல்ல. உங்கள் வண்டியில் ஜன்னல், முன்சீட், கூரை மூன்றுமே ஹைட்ராலிக். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிலிண்டர் இருக்கிறது. கண்ணாடி ஏறும்போது பம்ப் முனகும். இறங்கும்போது வால்வு திறந்து ஸ்பிரிங் இழுக்க, சத்தமில்லாமல் இறங்கும். அக்காலத்தில் இதில் ஊற்றியது பிரேக் ஆயில் வகை. சிலிண்டரின் சீல் தேய்ந்து சொட்டும் ஆயில் கதவின் அடியில் தேங்கிப் பெயின்டைத் தின்கிறது. விரலால் தொட்டுப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் அதேதான்.

முதலில் ஜன்னல் சுவிட்சைத் தொடுவதை நிறுத்துங்கள். நான்கு ஜன்னல் சிலிண்டர்களையும் ஒன்றாகவே கழற்றிப் புதுப்பியுங்கள். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும். குழாய்களையும் மாற்றிவிட்டுப் பெயின்டைத் தின்னாத சிலிகான் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு, நானும் அதையே சொல்வேன். ஆனால் பழைய ஆயில் ஒரு சொட்டுகூட இல்லாமல் கழுவிய பிறகுதான். பெயின்ட் வேலை எல்லாவற்றுக்கும் கடைசி.

1976 காடிலாக் எல்டொராடோவில் பின் பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பகுதி கையில் பிடித்தால் உதிர்கிறது. விபத்தில் சிக்கிய வண்டியா?

இல்லை. மோதினால் உள்வாங்கும் பம்பர்கள் வந்த காலம் அது. பம்பருக்கு இடம் கொடுக்க நடுவில் வளையும் பிளாஸ்டிக் வைத்தார்கள். வெயிலும் வயதும் சேர்ந்து அதைக் காய்ந்த அப்பளமாக்கிவிடும். ஒட்டிப் பயனில்லை, ஃபைபர் கிளாஸில் புதிதாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். பொருத்தம் நூறு சதவீதம் இருக்காது. பெயின்ட் அடிக்கும் முன் வண்டியில் வைத்துத் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கூரையையும் பாருங்கள். உங்கள் வண்டியில் அது உள்பக்கமாக மடியும் கத்தரி அமைப்பு. ஒரு மோட்டார், இரண்டு பக்கமும் சுழலும் கேபிள்கள். ஒருபக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் அந்த நொடியே நிறுத்துங்கள், இல்லையென்றால் சட்டம் முறுகிவிடும்.

இதுதான் கடைசி அமெரிக்கக் கன்வர்டிபிள் என்ற பேச்சை நம்பி 1976-இல் பலர் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். மொத்தம் 14,000 வண்டி. 1984-இல் எல்டொராடோ கன்வர்டிபிள் திரும்ப வந்துவிட்டது. அதனால் ‘கடைசி’ என்ற சொல்லுக்காக விலை ஏற்றிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

1962 இம்பீரியலில் இடதுபக்கச் சக்கர நட்டுகள் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கழலவில்லை.

நீங்கள் முடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! கிரைஸ்லர் வண்டிகளில் 1970 வரை இடதுபக்கத்துக்கு இடது மரை. வலதுபக்கம் திருப்பினால் கழலும். இதுவரை கொடுத்த பலத்தில் ஏதாவது ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) நீண்டிருக்கலாம், அவற்றை மாற்றிவிடுங்கள்.

1956 பாக்கார்டு கரீபியன். நீண்ட தூரம் ஓட்டினால் இன்ஜின் மேல்பகுதியில் ‘டக் டக்’ சத்தம்.

அந்த வி-8-இன் பரிச்சயமான வியாதி. வைப்பருக்கான வாக்குவம் (காற்றை உறிஞ்சும்) பம்பும் ஆயில் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தவை. தேய்ந்ததும் ஆயிலோடு காற்றும் போகிறது, வால்வைத் தள்ளும் டாப்பெட் சத்தம் போடுகிறது. வாக்குவம் பகுதியை நீக்கிய ஆயில் பம்பைப் போட்டு, வைப்பருக்கு மின்மோட்டார் வைத்துவிடுங்கள். வேலைக்காக ஜாக்கி போடும் முன் டார்ஷன்-லெவல் சஸ்பென்ஷனின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வண்டியின் உயரம் மாறினால் சில நொடி பொறுத்து, தானாகவே மட்டம் பார்க்கக் கிளம்பிவிடும் அது. கீழே நீங்கள் படுத்திருப்பது அதற்குத் தெரியாது.