"விலக்கு கிடைக்குமா அக்கா?": கலிபோர்னியா பள்ளித் தடுப்பூசிக் கேள்விகள்

வணக்கம். பே ஏரியாவுல ஒரு பள்ளி அலுவலகத்துல உட்கார்ந்து, புதுசா சேர வர்ற பிள்ளைங்களோட தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கறதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்ல. அட்டையில எந்த வரி செல்லும், எது செல்லாதுங்கறது மட்டும் அத்துப்படி. பாதிப் பேர் விலக்கு வேணும்னு கேட்டிருக்கீங்க. படிச்சுப் பார்த்தா, நிஜமாவே விலக்கு தேவைப்படறது ஒரே ஒருத்தருக்குத்தான்.

சான் ரமோன் அம்மா: நாங்க சுத்த சைவம். எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்துப் போடற) ஊசியில பன்றி ஜெலட்டின் இருக்காமே? மத நம்பிக்கைன்னு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களா?

விட மாட்டாங்க. மதம், சொந்த நம்பிக்கைன்னு எழுதிக் குடுக்கற விலக்கு இங்க 2016லயே முடிஞ்சு போச்சு. 2014 டிசம்பர்ல டிஸ்னிலேண்ட்ல கிளம்பின தட்டம்மை கலிபோர்னியாவுல மட்டும் 131 பேருக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் ஜூன் 30 அன்னிக்கு அந்த விலக்கை எடுத்த எஸ்.பி. 277ங்கற சட்டத்துல கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்டார். தனியார் பள்ளி, டே கேர் எல்லாத்துக்கும் அதே சட்டம்தான்.

ஆனா உங்க சங்கடத்துக்கு வேற வழி இருக்கு. ஜெலட்டின் சேர்க்கறது மெர்க் கம்பெனியோட எம்.எம்.ஆர்-2ல. 2022ல இங்க அனுமதி கிடைச்ச பிரியோரிக்ஸ்ல அது கிடையாது. அது இருக்கான்னு கிளினிக்குக்கு முதல்ல போன் போட்டுக் கேளுங்க. சின்னம்மை ஊசிக்கு இந்த மாதிரி மாற்று இங்க இல்ல, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

சன்னிவேல் அப்பா: பொண்ணு 2020 ஆகஸ்ட்ல சென்னையில பிறந்தா. எம்.எம்.ஆர் 14/05/2021, 05/11/2021னு ரெண்டு தடவை போட்டிருக்கு. பள்ளியில ஒண்ணுகூடச் செல்லாதுங்கறாங்க. பேசாம விலக்கு வாங்கிடலாமா?

உங்க அட்டை மாதிரி வாரத்துக்கு ஒண்ணாவது என் மேசைக்கு வரும்.

முதல் ஊசி 9 மாசத்துல போட்டது. நம்ம ஊர்ல தட்டம்மை சின்ன வயசுலயே தாக்கும்னு சீக்கிரம் போடறாங்க, அதுல தப்பில்ல. இங்க முதல் பிறந்தநாளுக்கு அப்புறம் போட்டதைத்தான் எடுத்துக்குவோம். அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்புல மிச்சம் இருந்தா ஊசி சரியாப் பிடிக்காது, அதான் காரணம். என் பையனோட மதுரை அட்டையிலயும் இதே கதை. 9 மாசத்து ஸ்டிக்கர் பளபளன்னு ஒட்டியிருக்கு, நானே என் கையால அதை விட்டுட்டு அடுத்ததைத்தான் பதிவு பண்ணேன்.

ரெண்டாவது ஊசி செல்லணும். ஏன் செல்லலைன்னா, நீங்க நவம்பர் 5ன்னு எழுதினதை இங்க மே 11ன்னு படிச்சிருப்பாங்க. இங்க மாசம்தான் முதல்ல வரும். அப்படிப் படிச்சா முதல் டோஸுக்கு மூணு நாள் முன்னாடியே ரெண்டாவது டோஸ் போட்ட கணக்கு! மாசத்தை எழுத்துல எழுதின சான்று ஒண்ணு சென்னை டாக்டர்கிட்ட வாங்குங்க. இன்னும் ஒரே ஒரு எம்.எம்.ஆர் போட்டா முடிஞ்சது. சின்னம்மை ஊசியும் பாக்கின்னா ரெண்டையும் ஒரே நாள்ல போடுங்க. இல்லேன்னா 28 நாள் இடைவெளி விடணும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டவங்க ஒண்ணு கவனிங்க. அங்க குடுக்கறது எம்.ஆர். அதுல பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்ல.

மில்பிடாஸ் அம்மா: போலியோ சொட்டு எத்தனையோ தடவை குடுத்தாச்சு. இன்னும் பாக்கின்னு சொல்றாங்களே?

2016 ஏப்ரலுக்கு அப்புறம் குடுத்த சொட்டு மருந்து இங்க கணக்குல வராது. அந்த மாசம்தான் உலகம் முழுக்க இரண்டாம் வகை வைரஸை அதுல இருந்து எடுத்தாங்க. அட்டையில 'ஹெக்ஸா'ன்னு ஏதாவது இருக்கா பாருங்க, அதுக்குள்ளயே போலியோ ஊசி அடக்கம். அது மூணு இருந்து, நாலு வயசு முடிஞ்சப்புறம் ஒண்ணு போட்டா போதும்.

இர்வைன் அம்மா: முட்டை அலர்ஜி. எம்.எம்.ஆர்ல இருந்து விலக்கு?

கிடைக்காது. முட்டை அலர்ஜி இருக்கற பிள்ளைக்கும் எம்.எம்.ஆர் போடலாம்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க.

ஃப்ரீமாண்ட் அப்பா: மகனுக்கு லுக்கேமியா, கீமோ நடக்குது. இந்தியாவுல பார்த்த டாக்டரோட கடிதம் இருக்கு, போதுமா?

தம்பி, நான் மேல சொன்ன ஒருத்தர் நீங்கதான். உங்க பிள்ளைக்காகத்தான் இந்த மருத்துவ விலக்கே இருக்கு. ஆனா அந்தக் கடிதம் செல்லாது, கலிபோர்னியா லைசென்ஸ் இருக்கற டாக்டர்தான் குடுக்கணும். காகிதத்துலயும் முடியாது. 2021 ஜனவரில இருந்து எல்லாம் கேர்-எம்.இ.ங்கற அரசு இணையதளம் வழியாத்தான். நீங்க அதுல கணக்கு தொடங்கினா ஒரு விண்ணப்ப எண் வரும். அதை டாக்டர்கிட்ட குடுத்தா மிச்சத்தை அவர் நிரப்புவார். படிவம் நிரப்ப அவர் காசு வாங்கக் கூடாது. தற்காலிக விலக்கு அதிகபட்சம் ஒரு வருஷம், அதனால முடியற தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. அடுத்து எப்ப ஊசி போடலாம்னு ஆன்காலஜிஸ்ட்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது.

அதே வகுப்புல தட்டம்மை வந்தா உங்க மகனை 21 நாள் வரைக்கும் வீட்டுல இருக்கச் சொல்லலாம். தண்டனைன்னு எடுத்துக்காதீங்க. தட்டம்மை வந்தவர் எழுந்து போன அறையில ரெண்டு மணி நேரம் கழிச்சும் காத்துல கிருமி இருக்கும்.

பெயர் வேண்டாம்: தெரிஞ்ச டாக்டர் எழுதித் தர்றேங்கறார். யாரு கேக்கப் போறாங்க?

கேப்பாங்க. 277 வந்தப்புறம் இப்படித்தான் நடந்துச்சு. கிண்டர்கார்டன்ல 2015-16ல 0.2 சதவீதமா இருந்த மருத்துவ விலக்கு 2018-19ல 0.9 ஆச்சு. மூணு வருஷத்துல பிள்ளைங்க உடம்பு அவ்வளவு மாறிடுமா என்ன? அதனால 2019ல இன்னொரு சட்டம். ஒரு டாக்டர் வருஷத்துல அஞ்சு விலக்கு குடுத்தா மாநிலம் பார்க்கும். பள்ளியில தடுப்பூசி விகிதம் 95 சதவீதத்துக்குக் கீழ போனாலும் பார்க்கும். ரத்து பண்ணினா மேல்முறையீட்டுக்கு 30 நாள். அந்தத் தெரிஞ்ச டாக்டரோட லைசென்ஸையும் கொஞ்சம் யோசிங்க.

கூபர்டினோ பாட்டி: பேரனுக்கு ரெண்டு வயசுல அம்மை போட்டுச்சு. வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணி ஊத்தினதெல்லாம் நான்தான். இப்ப எதுக்கு ஊசி?

அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பறேன், ஆனா கணினியில ஏத்த முடியாது. பேரனுக்கு வந்தது சின்னம்மைன்னு டாக்டர் எழுதின சான்று வேணும். அப்ப டாக்டர்கிட்ட காட்டலையா? அப்படின்னா ரெண்டு ஊசி.