கேள்வி பதில்: நாடுகளுக்குள் சண்டை வந்தால் யார் பஞ்சாயத்து பண்ணுவது?

? நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கும்போது, நிரந்தர நடுவர் மன்றம் என்று இன்னொன்று எதற்கு? இரண்டும் ஒன்றுதானா?

ஒரே கட்டடத்தில் குடியிருப்பதால் வரும் குழப்பம் இது. 1913-இல் திறக்கப்பட்ட அமைதி மாளிகையில்தான் இரண்டும் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வுடையது, 15 நீதிபதிகள், ஒன்பது வருடப் பதவி, எந்த வழக்கு வந்தாலும் அவர்கள்தான் கேட்பார்கள். நடுவர் மன்றம் அதைவிட மூத்தது, 1899-இல் பிறந்தது. பெயர்தான் நிரந்தரம், அங்கே நிரந்தரமாக இருப்பது ஓர் அலுவலகமும் ஒரு பெயர்ப் பட்டியலும்தான். உறுப்பு நாடு ஒவ்வொன்றும் நான்கு பேர் வரை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். தகராறு என்று ஒன்று வந்த பிறகே மூன்று பேரோ ஐந்து பேரோ கொண்ட தீர்ப்பாயம் உட்காரும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும்.

? சண்டை போடும் நாடுகளே ஆளுக்கொரு நடுவரை நியமித்தால் அது எப்படி நியாயமாக இருக்கும்?

சந்தேகப்பட வேண்டிய இடம்தான். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஒருவர் போக, மீதி மூன்று பேர் இரு தரப்பும் ஒத்துக்கொண்டவர்களாகவோ பொதுவான ஒருவர் நியமித்தவர்களாகவோ இருப்பார்கள், அதனால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் 2015-இல் ஸ்லோவேனியா, குரோஷியா எல்லை வழக்கில் மானம் கப்பலேறியது. ஸ்லோவேனியா நியமித்த நடுவர் உள்ளே நடந்த ஆலோசனையைத் தன் நாட்டு அரசின் பிரதிநிதியிடம் போனில் பேசியது அப்படியே வெளியே வந்து, இருவரும் பதவி விலக, குரோஷியா 'இனி வரமாட்டோம்' என்று கிளம்பிவிட்டது. தீர்ப்பாயம் புது ஆட்களோடு தொடர்ந்து 2017-இல் தீர்ப்பு சொன்னது; குரோஷியா ஏற்கவில்லை.

? போலீஸ் கிடையாது, ராணுவம் கிடையாது. தோற்றவன் ஏன் பேசாமல் ஏற்றுக்கொள்கிறான்?

இதற்கு 1872-க்குப் போக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காக இங்கிலாந்தில் கட்டிய 'அலபாமா' என்ற கப்பல், வடக்கின் வணிகக் கப்பல்களை வரிசையாக அழித்தது. போர் முடிந்ததும் அமெரிக்கா பிரிட்டனிடம் நஷ்டஈடு கேட்டது. ஜெனீவாவில் ஐந்து நடுவர்கள் உட்கார்ந்து, 1.55 கோடி டாலர் கொடு என்றார்கள். பிரிட்டனின் நடுவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு மறுப்பை எழுதி வைத்தார், அரசாங்கம் பணத்தைக் கட்டிவிட்டது! அன்றைக்குக் கடலையே கையில் வைத்திருந்த நாடு அது. கட்டாமல் இருந்திருந்தால் அமெரிக்காவோடு தீராத பகை, அடுத்த போரில் தன் கப்பல்களுக்கும் அதே கதி. அதற்கு இந்தப் பணம் மலிவு.

இன்னொன்று உள்நாட்டு அரசியல். எந்தப் பிரதமராவது 'கடலில் பாதியை நானே விட்டுக்கொடுத்தேன்' என்று சொல்ல முடியுமா? 'நடுவர்கள் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது' என்று சொல்லலாம். வங்காள விரிகுடாவில் அதுதான் நடந்தது. வங்கதேசம் 2009-இல் இந்தியா மீது வழக்குப் போட்டது. நடுவர்கள் நேரில் போய் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தார்கள். 1970 புயலுக்குப் பிறகு அங்கே தலைகாட்டிய ஒரு மணல்திட்டுக்காக இரு நாடுகளும் வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தன, வழக்கு நடக்கும்போது அது தண்ணீருக்கு அடியில். 2014 ஜூலையில் வந்த தீர்ப்பில், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா நியமித்த நடுவர் மட்டும் சில விஷயங்களில் உடன்படவில்லை. இந்தியாவோ தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

? அப்போ சீனா?

எதிர்பார்த்த கேள்வி. பிலிப்பைன்ஸ் 2013-இல் தென் சீனக் கடல் பற்றி வழக்குப் போட்டபோது சீனா வரவே இல்லை. இரு தரப்பும் சம்மதிக்காமல் வழக்கு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள்: கடல் சட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோதே அந்தச் சம்மதம் அதற்குள் அடங்கிவிட்டது. சில வகைத் தகராறுகளுக்கு மட்டும் விலக்கு கேட்கலாம், சீனாவும் கேட்டிருந்தது, ஆனால் தன் முன் வந்தவற்றில் பெரும்பாலானவை அதில் அடங்காது என்றது தீர்ப்பாயம். 2016 ஜூலை 12-இல் வந்த தீர்ப்பு, அந்தக் கடலின் பெரும்பகுதியைத் தனதென்று ஒன்பது கோடுகளால் வளைத்துக் காட்டும் சீனாவின் வரைபடத்தை வைத்துக் கடல் வளத்துக்கு உரிமை கேட்க சட்டத்தில் இடமில்லை என்றது. 'செல்லாது' என்றது சீனா. கப்பல்கள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. ஆக, இந்த ஏற்பாடு வல்லரசைக் கட்டிப்போடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கடலைப் பற்றி யார் பேசினாலும் அந்தத் தீர்ப்பைத் தொடாமல் பேச முடியவில்லை, சீனாவும் இத்தனை வருடமாக அதை மறுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

? செலவு யாருடையது?

வழக்கமாக ஆளுக்குப் பாதி. நடுவர்களின் சம்பளம் முதலான செலவெல்லாம் கட்சிக்காரர்கள் தலையில்தான். சீனா தன் பங்கைக் கட்டாததால் பிலிப்பைன்ஸ் இரண்டு பங்கையும் சேர்த்துக் கட்டியது. கையில் காசில்லாத நாடுகளுக்கு உதவ நடுவர் மன்ற அலுவலகத்தில் ஒரு நிதி இருக்கிறது.