நல்குரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, 'நல்குரவு' என்பது வறுமைக்கு இன்னொரு பெயர்தானா, வேறுபாடு உண்டா?

பதில்: வறுமைதான், ஆனால் அதன் அடிமட்டம். திருக்குறளின் 105ஆம் அதிகாரத்துக்கு இதுதான் பெயர். பரிமேலழகர் 'நுகரப்படுவன யாவும் இல்லாமை' என்று விளக்குகிறார். அந்த 'யாவும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் கை இழுபறியாக இருப்பது நல்குரவு ஆகாது. உண்ண, உடுக்க, ஒதுங்க எதுவுமே இல்லை என்ற நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

கேள்வி: வினையாக எப்படி வரும்?

பதில்: 'நல்கூர்தல்'. 'நல்கூர்ந்தார்' என்றால் வறியவர். 219ஆம் குறளில் வள்ளுவர் ஒரு நுட்பம் செய்கிறார். ஈகைக் குணம் உள்ளவன் எப்போது நல்கூர்ந்தவன் ஆகிறான் தெரியுமா? கொடுக்க முடியாமல் தவிக்கும்போது. தனக்கு இல்லை என்பதைவிட, கொடுக்க இல்லையே என்பதுதான் அவனுக்கு வறுமை.

கேள்வி: 'நெருப்பினுள் துஞ்சலும் ஆகும் நிரப்பினுள் யாதொன்றும் கண்பாடு அரிது' என்ற குறளில் 'நிரப்பு' என்றால் வறுமையாமே? நிரப்புவது என்றால் நிறைப்பது அல்லவா?

பதில்: நல்ல கேள்வி. ஆமாம், இங்கே நிரப்பு வறுமைதான். இதை மங்கல வழக்காகக் கொள்ளலாம். விளக்கை அணை என்று சொல்ல மனம் வராமல் 'குளிர வை' என்கிறோமே, அந்த மாதிரி. 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி நிறைவின் பெயராலேயே குறிக்கிறார்கள். முந்தின குறளிலும் இதே சொல்: நேற்றுக் கொன்றதைப் போல வருத்திய நிரப்பு இன்றும் வருமோ என்று ஒருவன் அஞ்சுகிறான். வறுமையின் பெரிய கொடுமை அந்த 'இன்றும் வருமோ'தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: 'தரித்திரம்' என்று கட்டுரையில் எழுதலாமா அண்ணா?

பதில்: நிலைமையைக் குறிக்க எழுதலாம், இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் பேச்சில் அது வசவாகிவிட்டது. 'தரித்திரம் பிடித்தவன்' என்றால் இல்லாதவன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, விளங்காதவன் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டினி கிடப்பவர் மேலேயே பழி போய் விழுகிறது, எனக்கு அது பொறுக்காது. மலையாளத்தில் அது அரசு வழக்கிலும் இருக்கிறது. கேரள அரசு அதே வேரில் பிறந்த 'அதிதாரித்ரியம்' என்ற சொல்லைத் தன் திட்டத்தின் பெயரிலேயே வைத்திருந்தது. 2025 நவம்பர் 1 அன்று அந்தக் கடும் வறுமை தன் மாநிலத்தில் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. தமிழில் 'கடும் வறுமை' என்று எழுதுங்கள், போதும். 'ஓட்டாண்டி', 'அன்னக்காவடி' இரண்டிலும் ஏளனம் ஒட்டியிருக்கிறது. கதையில் ஒரு பாத்திரம் பேசலாம், நீங்கள் உங்கள் குரலில் எழுத வேண்டாம்.

கேள்வி: பஞ்சமும் வறுமையும் ஒன்றா?

பதில்: இல்லை. பஞ்சம் ஊரையே வாட்டுவது, 1876-78 தாது வருடப் பஞ்சம் போல. வறுமை, ஊர் செழித்திருக்கும்போதும் ஒரு வீட்டில் மட்டும் இருக்கும்.

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். வறுமையைக் காட்ட எந்தச் சொல் நன்றாக இருக்கும்?

பதில்: சொல்லைத் தேடாதீர்கள், அடுப்பைப் பாருங்கள். புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வீட்டு நிலையைச் சொல்கிறார்: சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, பால் வற்றிய முலையைச் சுவைத்து ஏமாந்து குழந்தை அழுகிறது. சிறுபாணாற்றுப்படையில் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணி, கதவை அடைத்துக்கொண்டு உண்கிறார்கள். உப்பு இல்லாததைவிட அந்த அடைத்த கதவுதான் என்னை அதிகம் உலுக்கியது. உங்கள் கதையில் அந்த வீட்டார் எதை மறைக்கிறார்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அப்புறம் எழுத உட்காருங்கள்.