பெருந்தொற்று நேரத்தில் மருந்துச் சோதனை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது எப்படி?

பல வருடம் இழுக்கும் மருந்துச் சோதனை கொரோனா காலத்தில் சில மாதங்களில் முடிந்ததே, எதையாவது விட்டுவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வைப் பார்த்தால் விடை புரியும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய இந்த ஆய்வில், திட்டவரைவு தயாரான 9 நாட்களில், 2020 மார்ச்சிலேயே, முதல் நோயாளி சேர்ந்தார். குறைத்தது காகித வேலையைத்தான். வார்டில் மூச்சுவிட நேரமில்லாத மருத்துவர்கள் பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்ப முடியுமா? அதனால் முக்கியமாக ஒரே கேள்வி: 28 நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள்?

ஆனால் யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதை மட்டும் விடவில்லை. என்னைக் கேட்டால், ஆய்வின் உயிரே அதுதான்.

அப்புறம், மருந்துக்கு ஒரு ஆய்வு என்று தனித்தனியாகத் தொடங்காமல், ஒரே ஆய்வில் பல மருந்துகளைச் சோதித்தார்கள். மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பலன் தரவில்லை, 2020 ஜூனில் நிறுத்தினார்கள். மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப் போன்றவை ஆய்வு தொடங்கிய பிறகு இடையில் சேர்ந்தன.

அதே ஜூனில்தான் டெக்ஸாமெத்தசோன் முடிவும் வந்தது. விலை மலிவான பழைய ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. குலுக்கல் இல்லாமல் எல்லோருக்கும் கொடுத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாதவர்கள் இல்லாமல், இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்திருக்காது.