1965 பியூக் ரிவியேராவைச் சீரமைக்கும்போது எதை மாற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும்?

பழைய ரிவியேரா காரை வாங்கிப் புதுப்பிப்பவர்கள், அசல் எஞ்சினை எடுத்துவிட்டு இன்றைய எஞ்சினைப் பொருத்தலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் பிரேக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1965 மாடலில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. மிதியை அழுத்தும்போது பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், நான்குக்கும் சேர்த்து ஒற்றைச் சுற்று கொண்டது என்பதால், ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டாலே நான்கு சக்கரங்களின் பிடிப்பும் போய்விடும். ஆகவே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கையும் தயங்காமல் பொருத்துங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, அது ஓடும் நிலையில் இருந்தால் மாற்றாதீர்கள். சிறிய வால்வுகள் செங்குத்தாக நிற்பதால் 'நெயில்ஹெட்', அதாவது ஆணித்தலை, என்று பெயர்பெற்ற இந்த வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், தாழ்ந்த சுழற்சியிலேயே பெரும் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை, தருவது. கனமான சொகுசு வண்டியை அலுங்காமல் இழுத்துச் செல்ல அதுவே தேவை. காற்று வடிகட்டியின் மூடியில் 'வைல்ட்கேட் 445' என்று இருப்பதைப் பலர் எஞ்சினின் கொள்ளளவு என நினைக்கிறார்கள். உண்மையில் அது பவுண்ட்-அடி கணக்கிலான முறுக்குவிசை, கொள்ளளவு 401 கன அங்குலம்.

கிரான் ஸ்போர்ட் வகையில் 425 கன அங்குல எஞ்சின், இரண்டு கார்புரேட்டர்களுடன் 360 குதிரைத்திறன் தந்தது. அப்படியொரு வண்டி கிடைத்தால் ஒரு திருகைக்கூட இழக்காமல் பாதுகாக்க வேண்டும். முன் மட்கார்டு முனைகளில் சிப்பிபோல் திறந்து மூடும் முகப்பு விளக்கு மூடிகளையும் அப்படியே பழுதுபார்த்து வையுங்கள். 1965 மாடலின் முகமே அவைதான்.