குழப்பம் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: சி மொழியில் விளையாட்டாகப் புரியாத நிரல் எழுதுகிறேன். ஒற்றை எழுத்துப் பெயர்கள் வைத்து, இடைவெளிகளை நீக்கியும் நண்பர் நொடியில் பிரித்துவிட்டார். வேறு வழி?

பதில்: அது வெறும் வேஷம், நிரலை ஒழுங்காக அடுக்கும் ஒரு ஃபார்மேட்டர் போதும், கலைந்துவிடும். குழப்பம் தர்க்கத்தில் இருக்கட்டும். முதலில் ஒழுங்கான நிரலை எழுதி வெளியீட்டைச் சேமியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதோடு ஒப்பிடுங்கள். அ என்ற அர்ரேயில் அ[5] என்பது *(அ+5) தான், எனவே 5[அ] என்றாலும் கம்பைலர் முணுமுணுக்காது. // கமென்ட் வரியின் கடைசியில் ??/ வைத்தால் அடுத்த வரியும் கமென்ட்டாகிவிடும்: ??/ ஒரு டிரைகிராஃப், அதாவது \ குறிக்குப் பதிலாக வரும் மூன்றெழுத்துக் குறி; வரிக் கடைசியில் \ வந்தால் அடுத்த வரி அதோடு ஒட்டிக்கொள்ளும். குறும்பான வித்தை! ஆனால் ஜிசிசி கம்பைலர் இயல்பாக இதைக் கண்டுகொள்ளாது. சி99 தரத்தைக் குறிப்பிட்டுக் கம்பைல் செய்யுங்கள். பிந்தைய சி23 தரம் டிரைகிராஃபையே நீக்கிவிட்டது. க, ங இரண்டின் மதிப்புகளை இடம் மாற்ற க^=ங^=க^=ங வேண்டாம்: ஒரே கூற்றில் க இருமுறை மாறுவதால், கம்பைலர் நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் அளவை மாற்றினாலே விடை மாறலாம்.