காரில் இருப்பது எந்தக் கியர்ப் பெட்டி?

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்மையில் கொழும்பிலிருந்து 1982ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரொயோட்டா கொறோலா கேஈ70 கார் ஒன்றை வாங்கி வந்தேன். எஞ்சின் 4கே. மூன்றாம் கியருக்கு மாற்றும்போது கறகறவென்று சத்தம் வருவதால் சின்குறோ வளையம் (கியர்ப் பற்கள் உரசாமல் சேர உதவும் வளையம்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். விற்றவர் ‘கொம்பனி பூட்டிய ஐந்து கியர்’ என்றார். இங்குள்ள மெக்கானிக் ஒருவர் அது கே50 என்கிறார். இன்னொருவர் வேறு காரிலிருந்து கழற்றிப் பூட்டிய ரி50 என்று அடித்துச் சொல்கிறார். கியர் கம்பியின் குமிழில் ஐந்து கியர்களும் வரையப்பட்டுள்ளன. பெட்டியை இறக்காமல் உண்மையை அறிய வழி உண்டா? (வாசகர், கொக்குவில்)

பதில்: குமிழை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது கடையில் தனியே விற்கும் பொருள். நான்கு கியர்க் காரில் ஐந்து கியர்க் குமிழைத் திருகிவைத்து ஓடித் திரிபவர்களை நாம் காணாமல் இல்லை. ஐந்தாம் கியர் உண்மையில் இருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்தே அறியலாம். நேரான, நெரிசல் குறைந்த வீதியில் நான்காம் கியரில் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியை ஐந்தின் இடத்துக்கு மாற்றினால், வேகம் குறையாமலே எஞ்சினின் சுழற்சி எட்டில் ஒரு பங்களவு இறங்க வேண்டும். அந்த வேறுபாடு காதுக்கே புலப்படும்.

அடுத்ததாக எஞ்சின் பகுதியில், முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள தடுப்புத் தகட்டில் ஆணியடிக்கப்பட்ட சிறிய உலோகத் தகட்டைத் தேடுங்கள். ரொயோட்டா நிறுவனம் அதில் மாதிரி, எஞ்சின், சேசிஸ் எண், நிறம் ஆகியவற்றோடு ‘டிரான்ஸ், அக்சில்’ என ஒரு வரியையும் அச்சிட்டிருக்கும். அவ்வரியின் முதற்பகுதிதான் கியர்ப் பெட்டியின் பெயர். அடுத்தது பின் அச்சுக்குரியது. பெயரிலுள்ள எழுத்து பெட்டியின் குடும்பத்தையும், அதை அடுத்து வரும் இலக்கம் இத்தகைய பழைய பெட்டிகளில் கியர்களின் எண்ணிக்கையையும் குறிக்கும்: கே40 என்றால் கே குடும்பத்தின் நான்கு கியர்ப் பெட்டி, கே50 என்றால் அதே குடும்பத்தின் ஐந்து கியர்ப் பெட்டி. தகட்டைப் பெயின்ற் மூடியிருந்தால் தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

ஆயினும் அந்தத் தகடு சொல்வது, கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அதனுள் என்ன இருந்தது என்பதை மட்டுமே. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய காரில், அதிலும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழையதைத் திருத்தித் திருத்தியே ஓடவேண்டியிருந்த நம் நாட்டுக் காரில், இன்று கீழே தொங்குவது அதே பெட்டியாகத்தான் இருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. தகட்டில் கே40 என்றிருந்து ஐந்து கியர்கள் விழுந்தால் பெட்டி மாற்றப்பட்டது உறுதி. தகட்டில் கே50 என்றிருந்து ஐந்து கியர்கள் விழுந்தாலோ ஐயம் தீர்ந்தபாடில்லை. அதுவே உங்கள் நிலையாக இருக்கக்கூடும்.

ஆகவே காருக்கு அடியில் போக வேண்டும். ரி50 பெட்டி ரொயோட்டாவின் ரி, ஏ வகை எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் 4கே எஞ்சினின் பின்முகத்தோடு அது நேரடியாகப் பொருந்தாது. எனவே எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகப்பட்ட தடித்த தகடு, புதிதாகத் துளைத்த துளைகள், ஒன்றோடொன்று ஒவ்வாத போல்ற்றுகள், வெட்டி ஒட்டிய பின்தாங்கி ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் இரண்டாவது மெக்கானிக்கின் பக்கம் நியாயம் இருக்கலாம். எல்லாம் தொழிற்சாலையில் பூட்டியது போல ஒழுங்காக இருந்தால் கே50 என்ற எண்ணம் வலுப்படும். இருவரையும் மீண்டும் காண்பீர்களாயின், எதைக் கண்டு அவ்வாறு சொன்னார்கள் என்று கேளுங்கள். காட்டிச் சொல்பவரின் சொல்லுக்கே மதிப்பு.

முடிவான சான்று பற்களின் விகிதத்தில் இருக்கிறது. வெளியோட்டை எப்படி மாற்றியிருந்தாலும் உள்ளிருக்கும் பற்களின் எண்ணிக்கையை மறைக்க முடியாது. கே50 பெட்டியின் விகிதங்கள் (பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) முதலாம் கியரிலிருந்து வரிசையாக 3.789, 2.220, 1.435, 1.000, 0.865, ரி50 பெட்டியினுடையவை 3.587, 2.022, 1.384, 1.000, 0.861. இதை நீங்களே அளந்துவிடலாம். சமதரையில் முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்சில்லுகள் இரண்டையும் தரையிலிருந்து உயர்த்தி, அச்சின் கீழே உறுதியான தாங்கிகளை நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது. பற்றறி இணைப்பைக் கழற்றி, பிளக்குகள் நான்கையும் எடுத்துவிட்டால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். கைப்பிறேக்கை விடுவித்து, கிறாங் புலியிலும் (எஞ்சினின் முன்முனையில் பட்டி ஓடும் சில்லு), பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புறொப்பெல்லர் தண்டிலும் சோக்கினால் ஒவ்வொரு கோடு இட்டுக்கொள்ளுங்கள். பின்னர் முதலாம் கியரைப் போட்டு, புலியின் நடு நட்டை ஸ்பானரால் எஞ்சின் ஓடும் திசையில் ஒருவர் சுற்ற, மற்றவர் புறொப்பெல்லர் தண்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்டு 10 சுற்றுச் சுற்றி முடிக்கும்போது எஞ்சின் ஏறக்குறைய 38 சுற்றுச் சுற்றியிருந்தால் உள்ளே இருப்பது கே குடும்பம். 36 சுற்றோடு நின்றால் அது ரி50. இரண்டாம் கியரில் அதே 10 சுற்றுக்கு முறையே 22, 20 என வரும். நான்காம் கியர் இரண்டு பெட்டிகளிலும் நேர்க் கியர் என்பதால் பத்துக்குப் பத்தே வரவேண்டும். வராவிட்டால் எண்ணியதில் பிழை இருக்கிறது என்று கொள்ளலாம். ஐந்தாம் கியரை அளப்பது வீண்வேலை, வேறுபாடு அவ்வளவு சிறியது. கே40, கே50 இரண்டுக்கும் முதல் நான்கு விகிதங்களும் ஒன்றே என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அவற்றைப் பிரித்தறிய ஐந்தாம் கியரே அடையாளம்.

புறொப்பெல்லர் தண்டை எண்ணச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில்லைப் பார்த்து எண்ணினால், பின் அச்சின் நடுவிலுள்ள பற்தொகுதியான டிஃபரன்ஷலின் விகிதமும் கணக்கில் கலந்துவிடும்; பழைய காரில் அதுவும் மாற்றப்பட்டிருக்கலாம். வேகமானி காட்டும் வேகத்தைக் கைபேசி காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெருத்த வேறுபாடு இருந்தால் பெட்டியோ டிஃபரன்ஷலோ ரயர் அளவோ இடையில் மாறியிருக்கக்கூடும். எது மாறியது என்பதை அந்த ஒப்பீடு சொல்லாது.

இவற்றை முடிக்கும்வரை சின்குறோ வளையத்துக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தந்தையார் காலத்து மொறிஸ் மைனர் 1000 நிற்கிறது. 1959ஆம் ஆண்டுக் கார். எஞ்சின் எண் 10எம்ஏ என்று தொடங்குகிறது. நீண்டகாலமாக ஓடாமல் இருந்ததை இப்போது ஓட்டத்துக்குக் கொண்டுவர எண்ணுகிறேன். கியர்ப் பெட்டி அதற்குரியதுதானா, அதற்கு எந்த ஒயில் விடவேண்டும் என்று கூறுவீர்களா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: உங்கள் எஞ்சின் எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. 10எம்ஏ என்பது 1098 சிசி எஞ்சின். அது மைனருக்கு 1962இல்தான் வந்தது. 1959இல் வெளிவந்த காரில் 9எம் என்று தொடங்கும் 948 சிசி எஞ்சினே இருந்திருக்கும். எனவே எஞ்சின் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கிறது. எஞ்சினோடு சேர்த்துக் கியர்ப் பெட்டியையும் மாற்றினார்களா என்பதே இனிக் காணவேண்டியது.

மைனரின் ஏ வகை எஞ்சின்களோடு (ரொயோட்டாவின் ஏ வகை வேறு) வந்த பெட்டிகள் மூன்று. 1952க்குப் பிந்திய 803 சிசி காரில் நீண்ட கியர் கம்பி பெட்டியிலிருந்து நேரே எழுந்து நிற்கும். 1956இல் வந்த 948 சிசி காரில் கம்பி குட்டையாகி, பெட்டியின் பின்னே நீண்டிருக்கும் பகுதியிலிருந்து எழும். அதன் வெளியோடு வழுவழுப்பானது. 1098 சிசி காரின் பெட்டியிலும் கம்பி குட்டையே, ஆனால் வெளியோட்டில் விலா எலும்புகள் போல மேடுகள் ஓடும். அடியில் படுத்து, எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கழுவிவிட்டு, கையால் தடவிப் பார்த்தாலே வழுவழுப்பா மேடா என்பது தெரிந்துவிடும். மேடுகள் இருந்தால் எஞ்சினும் பெட்டியும் ஒரே காலத்தவை. வழுவழுப்பாக இருந்தால் பழைய பெட்டியையே புதிய எஞ்சினோடு இணைத்திருக்கிறார்கள். அவ்வாறாயின் கிளச் வாங்கும்போது கவனம் தேவை: 948க்கு ஆறேகால் அங்குலக் கிளச், 1098க்கு ஏழேகால் அங்குலக் கிளச். எஞ்சின் எண்ணைச் சொல்லி வாங்கினால் தவறான பிளேட்டோடு வீடு திரும்ப நேரலாம்.

மைனருக்கு ஜப்பானிய எஞ்சினும் பெட்டியும் பூட்டும் வழக்கமும் உண்டு என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். மேற்சொன்ன மூன்று பெட்டிகளிலும் முன்னோக்கிய கியர்கள் நான்கே. முதலாம் கியருக்குச் சின்குறோமெஷ் கிடையாது. கார் நடைவேகத்தில் உருளும்போது முதலாம் கியர் சத்தமின்றி வழுக்கி விழுந்தால் அது மொறிஸ் பெட்டி அல்ல. உரசினால் உடனே விட்டுவிடுங்கள், சோதனை முடிந்தது.

ஒயில் விடயத்தில் பலர் தவறுகிறார்கள். இந்த மொறிஸ் பெட்டிகளுக்கு விதிக்கப்பட்டது எஸ்ஏஈ 30 எஞ்சின் ஒயில். இன்று 20டபிள்யூ-50 விட்டும் ஓடுகிறார்கள். கடையில் ‘கியர் ஒயில்’ என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது டிஃபரன்ஷலுக்குரிய ஜிஎல்-5 தரத்து ஒயில். அதைப் பழைய பெட்டியில் விட்டால் வெண்கலப் பாகங்கள் காலப்போக்கில் அரிக்கப்படலாம் என்பதோடு, அதன் தடிப்பினால் கியர் மாற்றுவதும் கடினமாகும். பெட்டி ஜப்பானியதாயின் அந்தப் பெட்டிக்குரிய ஒயிலையே விடவேண்டும். காரின் பெயரைப் பார்த்து விடக்கூடாது.

எஞ்சின் எண்ணில் 10எம்ஏயை அடுத்து யூ, அதன்பின் எச் அல்லது எல் இருக்கும். யூ என்பது நடுவில் தரையிலிருந்து எழும் கியர் கம்பியையும், எச் உயர் அமுக்கத்தையும், எல் தாழ் அமுக்கத்தையும் குறிப்பன. பெற்றோல் வராத 1990களில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய நம் ஊரில், தாழ் அமுக்க எஞ்சினை வைத்திருந்தவர்கள் அதனால் பயன்பெற்றிருப்பார்கள். பதிவுப் புத்தகத்தில் இப்போதைய எஞ்சின் எண் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன்சில்லுகளால் இழுபடும் கார்களில் இருப்பது எந்தக் கியர்ப் பெட்டி என்பதை எப்படி அறிவது? ஓட்டோ கியரிலிருந்து மனுவலாக மாற்றிய கார்களும் விற்பனைக்கு வருகின்றன. பதிவுப் புத்தகத்தில் இவ்விபரம் இருக்குமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: பதிவுப் புத்தகம் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சொல்லும், கியர்ப் பெட்டி எது என்று சொல்லாது. எஞ்சின் பகுதியிலுள்ள தகடே முதற்சான்று. மிற்சுபிசி லான்சரில் எஃப்5எம்41 என்பது போல இருக்கும்: எஃப் முன்சில்லு இழுவை, 5 கியர்களின் எண்ணிக்கை, எம் மனுவல். நிசான் சணி பி11இல் ஆர்எஸ்5எஃப்30ஏ என்பது போல வரும். அங்கும் 5 என்பதே கியர்களின் எண்ணிக்கை. ஹொண்டாவில் தகட்டைவிடப் பெட்டியின் உடலைப் பார்ப்பது மேல். எஸ்20, எஸ்40, எஸ்80 போன்ற குறி அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ரொயோட்டா கொறோலா ஏஈ100, ஏஈ110 கார்களின் முழு மாதிரிக் குறியில் இணைப்புக்கோட்டுக்குப் பின் வரும் மூன்றாம் எழுத்தைக் கவனியுங்கள்: எம் என்றால் ஐந்து கியர் மனுவல், எச் என்றால் மூன்று கியர் ஓட்டோ, பி (P) என்றால் நான்கு கியர் ஓட்டோ. தகட்டில் பி இருந்து காலடியில் கிளச் மிதி இருந்தால் அது மாற்றிய கார்.

இவ்வகைக் கார்களில் டிஃபரன்ஷலும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், ஒரே பெயருடைய பெட்டி காருக்குக் கார் வெவ்வேறு இறுதி விகிதத்தோடு வந்திருக்கும். ஒரு சில்லை மட்டும் தூக்கிச் சுற்றி எண்ணினால், தரையில் நிற்கும் சில்லின் பங்கையும் அதுவே சேர்த்து இருமடங்கு சுற்றும். கிடைக்கும் விகிதத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பழைய கியர்ப் பெட்டி வாங்க, கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போக இருக்கிறேன். எதைக் கொண்டுபோக வேண்டும்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: பழைய கிளச் பிளேட்டைக் கொண்டுபோங்கள்; அதன் நடுத்துளையின் பற்கள் புதிய பெட்டியின் தண்டில் தடையின்றி ஏற வேண்டும். உங்கள் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டில் வார்க்கப்பட்டிருக்கும் நீண்ட எண், அந்த வார்ப்பின் எண்ணே தவிரப் பெட்டியின் பெயர் அல்ல. ஒரே வார்ப்பு ஓட்டுக்குள் வேறுபட்ட பற்தொகுதிகள் இருக்கக்கூடும் என்பதால் அந்த எண் ஒத்திருப்பதை மட்டும் வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பின்சில்லு இழுவைக் காராயின் புறொப்பெல்லர் தண்டின் முன்முனையையும் எடுத்துச் செல்லுங்கள். அது புதிய பெட்டியின் பின்வாயில் பொருந்தாவிட்டால், அல்லது பெட்டியின் நீளம் வேறுபட்டால், தண்டை வெட்டிச் சுருக்கவோ நீட்டவோ இங்கு வந்து கடைசல் பட்டறைக்குப் போகவேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.